பள்ளிக்கு வரும் அதிகாரி: கல்வி மேற்பார்வைப் பயிற்சியின் வரலாறும் நம் வட்டாரமும்

பள்ளிக்கூடம் என்றதும் ஆசிரியரையும் மாணவரையும் நினைக்கிறோம். அப்பள்ளியை மேற்பார்வையிடும் அலுவலரை நாம் நினைப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து, வருகைப் பதிவேட்டைப் புரட்டி, கையொப்பமிட்டுச் செல்பவர் என்பதே அவரைப் பற்றி நம் மக்கள் கொண்டுள்ள எண்ணம். ஆயின் எந்தக் குடியிருப்புக்குப் பள்ளி வேண்டும், எந்தப் பள்ளிக்கு இன்னோர் ஆசிரியர் வேண்டும், எந்தப் பள்ளியைப் பிறிதொன்றோடு இணைத்துவிடலாம் என்று மேலிடத்துக்கு எழுதுபவர் அவரே. அவர் எழுதும் ஒரு வரியில் நம் பிள்ளைகளின் ஐந்தாண்டுப் படிப்பு அடங்கிவிடுவதுண்டு. அத்தகைய அலுவலர்க்கு யார், எப்போது, எதைக் கற்பித்தனர் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். வெள்ளி விழாக் காணும் கல்விச் சங்கத்தின் மலரில் இதனைக் கூறுவது பொருத்தமே.

1854ஆம் ஆண்டு சர் சார்லசு உட்டின் கல்வி அறிக்கை இந்தியாவிற்கு வந்தது. அதன் பயனாக ஒவ்வொரு மாகாணத்திலும் பொதுக்கல்வி இயக்குநர் பதவியும், அவருக்குக் கீழ்ப் பள்ளி ஆய்வாளர் பதவிகளும் தோன்றின. சென்னை மாகாணத்தின் முதல் இயக்குநராக 1855இல் அலெக்சாண்டர் ஆர்பத்நாட் அமர்ந்தார். அந்நாளைய ஆய்வாளரின் தலையாய பணி தேர்வு நடத்துவதேயாகும். மாணவன் தேறினால் பள்ளிக்கு மானியம் உண்டு, தேறாவிடின் இல்லை என்னும் முறை சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் நிலவிற்று. ஆகவே ஆசிரியர் ஆய்வாளரைக் கண்டு நடுங்கினார். ஆய்வாளரோ ஆசிரியரை ஐயுற்றார். பள்ளியை வளர்ப்பது எப்படி என்று அவர்க்கு எவரும் பயிற்சி அளித்ததில்லை. அது தம் வேலையென்று அவரும் கருதியதில்லை.

அக்காலத்தில் நம் மக்களின் நிலை யாது? 1891இல் செங்கற்பட்டு ஆட்சித் தலைவராயிருந்த டிரெமென்ஹீர் என்பார், அம்மாவட்டப் பறையர்களின் நிலைபற்றி விரிவான குறிப்பொன்றை அரசுக்கு அளித்தார். அதன் தொடர்ச்சியாகவே 1893இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை பிறந்தது. தனிப்பள்ளிகள், கூடுதல் மானியம், பள்ளிக்குப் புறம்போக்கு நிலம் ஆகியவற்றை அது தருவதாகக் கூறிற்று. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 'பறையன்' இதழைத் தொடங்கியதும் அதே 1893ஆம் ஆண்டில்தான். ஆணை இருந்தும் பொதுப்பள்ளிகளின் கதவு திறக்கவில்லை. 1919ஆம் ஆண்டு அரசாணையொன்றின் கணக்குப்படி, மாகாணத்தில் பொது நிருவாகத்திலிருந்த எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுள் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை அறுநூற்றுச் சொச்சமே. அக்கிரகாரத்திலும் கோயிலிலும் சாவடியிலும் நடந்த பள்ளிகளை எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றவேண்டுமென அவ்வாணை கூறியது. மாற்றவேண்டியவர் யார்? ஆய்வாளரும் உள்ளூர் நிருவாகிகளுமே. அவர்கள் எந்தச் சமூகத்தில் பிறந்தவர்கள், எந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், ஆணை ஏன் தாளிலேயே தங்கியது என்பது விளங்கும். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய எம். சி. இராசா அவர்கள் சட்டமன்றம் சென்றபின் கல்வியைப் பற்றி ஓயாது வாதாடியதற்கும் இதுவே காரணம். அரசு வேறு வழி கண்டது. தொழிலாளர் துறையின் கீழ் நமக்கெனத் தனிப்பள்ளிகளைத் திறந்தது. நன்மைதான். எனினும் கல்வித்துறை தன் கடமையினின்று மெல்ல நழுவிக்கொள்ளவும் அது இடம் தந்தது.

நம் திருத்தணி வட்டாரம் அன்று கார்வேட்டி நகர் ஜமீனைச் சார்ந்து, வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் புதிதாய் அமைந்த சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. இராமகிருட்டிணராசுப்பேட்டை என்னும் முழுப்பெயர் கொண்ட நம் ஊரும் அவ்வழியே சென்றது. தறியும் வயலும் இரண்டு மொழிகளும் கலந்த இவ்வூர், எந்த மாவட்டத்தில் இருந்தபோதும் அதன் ஓரத்திலேயே இருந்திருக்கிறது. ஓரத்து ஊருக்கு அதிகாரி வருவது அரிது. ஓரத்து ஊரின் சேரிக்கு வருவது அதனினும் அரிது.

இனி இவ்வரலாற்றின் பெருந்திருப்பத்துக்கு வருவோம். 1954இல் காமராசர் முதலமைச்சரானார். இராசாசி 1953இல் கொணர்ந்த அரைநேரக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. அதே 1954ஆம் ஆண்டில் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் பொதுக்கல்வி இயக்குநரானார். காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்தவர். தன்மான இயக்கப் பற்றாளர். சாதி மறுத்து மணந்தவர். பள்ளித் துணை ஆய்வாளராகக் கிராமம் கிராமமாய்ச் சுற்றிய பழக்கம் அவர்க்கு உண்டு. கீழிருந்து மேலேறிய அலுவலர் என்பதனால், துணை ஆய்வாளரின் கையில் எவ்வளவு ஆற்றல் முடங்கிக் கிடக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் முன்னின்று நடத்தியதே பள்ளிச் சீரமைப்பு இயக்கம். 1958இல் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கடம்பத்தூரில் நடந்தது. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் இன்றும் நாம் கடந்து செல்லும் அதே கடம்பத்தூர்தான். இம்மாநாடு பந்தலும் மாலையும் கொண்ட ஒருநாள் விழா மட்டுமன்று. மாநாட்டுக்கு முன்னரே ஆசிரியர்களும் துணை ஆய்வாளர்களும் ஒவ்வொரு பள்ளியின் தேவையையும் கணக்கெடுக்க வேண்டும். கட்டடம் ஒழுகுகிறதா, கரும்பலகை உண்டா, குடிநீர்ப் பானை உண்டா, விளையாட இடமுண்டா, நிலப்படம் உண்டா, எத்தனை பிள்ளைகளுக்குச் சட்டையில்லை என்று ஒவ்வொன்றாய்க் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவையும் எழுதவேண்டும். பின்னர் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, இன்னது உம் பள்ளிக்கு வேண்டும், இவ்வளவு ஆகும் என்று கூறவேண்டும். நிலமாகவோ, செங்கல்லாகவோ, உழைப்பாகவோ, பணமாகவோ ஊரார் தருவதாக ஒப்பியவை மாநாட்டில் அறிவிக்கப்படும். சொன்னது வந்ததா என்று பார்ப்பதும் ஆய்வாளரின் பொறுப்பே. 1956இல் தொடங்கிய மதிய உணவு இயக்கமும் முதலில் இவ்வாறே ஊரார் கொடையை நம்பித் தொடங்கிப் பின்னரே அரசின் மானியத்தைப் பெற்றது.

கல்வி அலுவலர்க்கு இதுவே முதல் உண்மையான தலைமைப் பயிற்சி என்பது நம் கருத்து. வகுப்பறையில் உட்கார்த்தி எவரும் அவர்க்குப் பாடம் சொல்லவில்லை. ஆனால் குற்றம் கண்டுபிடிக்க வந்தவர் குறையைத் தீர்க்க வருபவராக மாறினார். ஆசிரியரோடு அமர்ந்து கணக்கெழுதினார். ஊராரிடம் கைகூப்பிக் கேட்டார். அதிகாரி கைகூப்புவது அந்நாளில் சிறிய செய்தியன்று. பின்னர் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக்குழு, நாடு முழுவதற்குமான பள்ளிச் சீரமைப்புத் திட்டம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. தமிழகத்தின் இவ்வனுபவம் அதற்கு முன்னரே விளைந்திருந்தது.

ஆனால் கடம்பத்தூர் மாநாடு நடந்தபோது நம் ஊர் சென்னை மாநிலத்தில் இல்லை. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே சென்றுவிட்டது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றின் பயனாக 1960 ஏப்ரல் 1இல்தான் நாம் திரும்பி, செங்கற்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்தோம். மதிய உணவும் பள்ளிச் சீரமைப்பும் தமிழகத்தில் வேர்பிடித்த ஆண்டுகள் நமக்கு எல்லைக்கோட்டின் அப்பால் கழிந்தன. எல்லைப் போராட்ட வரலாற்றை எழுதுவோர் மலையையும் கோயிலையும் மொழியையும் பேசுவர். பள்ளிப் பிள்ளையின் இந்த இழப்பைக் கணக்கில் சேர்த்தவரை நாம் அதிகம் காணவில்லை.

இவ்வியக்கத்தின் ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். கொடையை நம்பிய இயக்கத்தில், கொடுக்கவல்லார் இருக்கும் ஊரின் பள்ளி விரைவில் வளரும். நிலமும் செங்கல்லும் யாரிடம் இருந்தன? சேரிப் பள்ளியின் பெற்றோர் தம் உழைப்பைத் தரலாம்; ஒருநாள் உழைப்பைத் தந்தால் அன்றைய கூலி போகும். ஊர்ப்பள்ளிக்குக் கடிகாரம் வாங்கித் தந்தவர், சேரிப் பள்ளிக்கும் ஒன்று தருவாரா என்று கேட்டுப் பெறும் துணிவு அதிகாரிக்கு வேண்டும். அத்துணிவைத் தருவதே தலைமைப் பயிற்சியின் உயிர்நாடி. சுந்தரவடிவேலு போன்றோரிடம் அது இயல்பாகவே இருந்தது. ஆனால் ஒருவரின் இயல்பு, துறை முழுவதன் வழக்கமாகிவிடாது.

முறையான பயிற்சி நிலையங்கள் அறுபதுகளில் தோன்றின. ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பின் துணையோடு, ஆசிய நாடுகளின் கல்வித் திட்டமிடுவோர்க்கும் நிருவாகிகளுக்குமான மையம் 1962இல் புதுதில்லியில் அமைந்தது. அலுவலர்க்கென ஒரு தேசியப் பயிற்சிக் கல்லூரி வேண்டுமென்று கோத்தாரிக் குழுவும் பரிந்துரைத்தது. அம்மையம் 1970இல் தேசியப் பயிற்சிக் கல்லூரியாகவும், 1979இல் தேசியக் கல்வித் திட்டமிடல், நிருவாக நிறுவனமாகவும் உருமாறி, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மாவட்டக் கல்வி அலுவலர்க்கெனப் பட்டயப் பயிற்சி அங்கே நடைபெற்றது. 2012இல் பள்ளித் தலைமைக்கான தேசிய மையமும் அங்கே சேர்ந்தது. இங்கிலாந்து இத்தகைய தேசியக் கல்லூரியை 2000ஆம் ஆண்டில்தான் அமைத்தது என்பதைக் கருதின், நாம் காலத்தால் பின்தங்கியவர் அல்லர். தமிழகத்தில் மாநிலக் கல்வி நிறுவனம் 1965இல் தோன்றி, 1970இல் மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமாயிற்று. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டந்தோறும் கல்விப் பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குரியது திரூரில் உள்ளது.

இவற்றிற்கிடையே நிருவாகம் பலமுறை கைமாறிற்று. 1960-61இல் தொடக்கப்பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் சென்றன. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். 1986இல் தொடக்கக் கல்விக்குத் தனி இயக்ககம் வந்தது. 2018இல் மாவட்ட அளவில் தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் ஒரே அலுவலர் என்றனர். 2022இல் மீண்டும் பிரித்தனர். பெயர்ப்பலகை எழுதுவோர்க்கு நல்ல வேலை. பயிற்சியின் பாடத்திட்டத்தைக் கண்டால், வரவு செலவு, நீதிமன்ற வழக்கு, பணி விதிகள், புள்ளிவிவரம் ஆகியன பெருமிடம் பெறக் காணலாம். சாதி எங்கே? நம் பிள்ளையைக் கழிப்பறை தூய்மை செய்ய ஏவும் பள்ளியை, சத்துணவுக் கூடத்தில் ஆதிதிராவிட சமையலர் கூடாது என்று மறுக்கும் ஊரை, அலுவலர் எப்படி எதிர்கொள்ள வேண்டும்? இது சட்டப்பிரிவின் எண்ணை மனப்பாடம் செய்வதால் மட்டும் வருவதன்று. பயின்று வரவேண்டிய திறன்.

2022 டிசம்பரில் தமிழக அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. முன்னாள் மாணவரும் நிறுவனங்களும் பள்ளிக்குக் கொடையளிக்கலாம். கடம்பத்தூரின் பேத்தி என இதனைக் கூறலாம். பாட்டியின் குறையும் இதற்கு உண்டு. வசதிமிக்க முன்னாள் மாணவர் இல்லாத பள்ளிக்காக வாதாடுபவர் யார் என்னும் அதே கேள்வி மீண்டும் எழுகின்றது. கல்வி உரிமைச் சட்டம், 2009 இதற்கொரு வாயிலைத் திறந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினர்க்கு அவர்தம் விகிதப்படி இடம் உண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டுவதும் அக்குழுவின் கடமை. அன்று துணை ஆய்வாளர் எழுதிய தேவைப் பட்டியலை இன்று நம் தாய்மார்கள் எழுதலாம்.

நம் இளைஞர்க்கு மற்றொரு வாயிலும் உண்டு. மாவட்டக் கல்வி அலுவலர் பணியிடங்களுள் ஒரு பகுதி, முதுகலைப் பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்றவர்களைக் கொண்டு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியே நேரடியாக நிரப்பப்படுகிறது. வட்டாரக் கல்வி அலுவலர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. ஆசிரியர் வேலை கிடைத்ததும் படிப்பை மூட்டை கட்டிவிடும் வழக்கம் நம்மிடையே மிகுதி. கிடைத்ததே பெரிது என்னும் எண்ணம் அதற்குக் காரணம். அவ்வெண்ணத்தின் பின்னால் உள்ள வறுமையை நாம் அறிவோம்.

அப்படியே நம் பிள்ளை ஒருவர் மாவட்டக் கல்வி அலுவலராகி வந்தாலும், நம் குடியிருப்புகளின் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அவர் நிருவாகத்தில் வாரா. தொழிலாளர் துறையில் தொடங்கிய அந்த மரபு இன்றளவும் தொடர்ந்து, மாநிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள் ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் வளர்ந்தன. அவற்றை நிருவகிக்கும் மாவட்ட நல அலுவலர் பெரும்பாலும் வருவாய்த்துறையிலிருந்து வருபவர். பட்டாவும் நில எடுப்பும் அவர் நன்கறிந்தவை. கற்பித்தலை மேற்பார்வையிடும் பயிற்சி அவர்க்கு அளிக்கப்படுவதில்லை. 2023 மார்ச்சில் வெளியான வரவு செலவுத் திட்டம் இப்பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக அறிவித்தது. தரம் உயரும் என்றனர் சிலர். போராடிப் பெற்ற தனி நிதியும் தனி நிலமும் கரைந்துபோகும் என்றனர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. 1919இல் கல்வித்துறை நம்மை ஏற்க மறுத்ததனால் பிறந்த பள்ளிகள் இவை. அத்துறை இவற்றை ஏற்க வருமாயின், வருகின்ற அலுவலர் எதைக் கற்று வருகிறார் என்று கேட்கும் உரிமை, அப்பள்ளிகளுக்கு நிலம் விட்டுக்கொடுத்த நம் பெரியோரின் பெயரர்களுக்கு உண்டு.