கடல் கடந்த தமிழாய்வு: பேராதனையிலிருந்து இங்கிலாந்து சென்ற ஆய்வு மாணவர் பற்றிய ஒரு நோக்கு

உயர் ஆய்வின் பொருட்டு இங்கிலாந்து செல்லும் வழக்கம் இலங்கையர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பட்டதாரிகள் 1904 தொடக்கம் றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போட் சென்று வந்துள்ளனர். ஆயின், அமெரிக்க மாணவர் தம் நாட்டு வரலாற்றையோ இலக்கியத்தையோ கற்பதற்காகக் கடல் கடக்கவேண்டிய நிலை இருக்கவில்லை. இலங்கைத் தமிழ் மாணவரோ தாய்மொழியின் அமைப்பையும், தம் முன்னோர் பாடிய பாட்டுக்களையும், தமது ஊர்களின் பழமையையும் ஆய்ந்து பட்டம் பெறுவதற்கே அந்நாட்டுக்குச் செல்லவேண்டியிருந்தது. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றிற்று, அவர் அங்கு வாழ்ந்த சூழல் யாது, அங்குப் பெற்ற அறிவு எவ்வழியாகத் தமிழுக்குத் திரும்பிற்று என்பவற்றைப் பேராதனையோடு தொடர்புடைய சிலரை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மகாவலிக் கரையில் ஓர் இங்கிலாந்து

கொழும்பில் 1921 இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி தானே பட்டம் வழங்கும் உரிமை பெற்றிருக்கவில்லை. அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்றினர். பாடத்திட்டமும் வினாத்தாளும் கப்பலில் வந்தன. விடைத்தாள் கப்பலிற் சென்றது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் தோன்றியபோது அதன் முதல் உபவேந்தராக அமர்ந்தவர் ஐவர் ஜெனிங்ஸ் என்னும் ஆங்கிலேயராவார். மாணவர் யாவரும் விடுதிகளில் வாழ்ந்து கற்கும் கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போட் முறையினை இலங்கையில் நிலைநாட்டுவதே அவர்தம் பேரவா. கண்டி நகருக்கு அண்மையில், அந்தானை மலைச்சாரலுக்கும் மகாவலி கங்கைக்கும் இடையே அமைந்த பேராதனை வளாகம் அவ்வவாவின் வடிவமாகும். அதனைத் திட்டமிட்டோருள் தலையாயவர் இலண்டன் மாநகரின் திட்டமிடலிற் பெயர்பெற்ற பற்றிக் அபர்குரொம்பி என்பது மனங்கொள்ளத்தக்கது.

கலைத்துறைகள் 1952 இல் இங்கு இடம்பெயர்ந்தன. வடமராட்சியிலிருந்தோ வலிகாமத்திலிருந்தோ இரவு வண்டியேறி, பொல்காவலையில் இறங்கி வேறு வண்டி மாறிக் கண்டிப் பக்கம் வந்து சேர்ந்த மாணவருக்கு இவ்வளாகமே முதல் அந்நிய நாடாக விளங்கிற்று எனலாம். அருணாசலம், இராமநாதன் எனத் தமிழ்ப் பெரியார் பெயர் தாங்கிய விடுதிகளிலும் வாழ்க்கை முறை ஆங்கிலேயருடையதாகவே இருந்தது. கலைத்துறைப் போதனை 1960 இல் சுயமொழிகளுக்கு மாறத் தொடங்கும்வரை விரிவுரை மொழியும் ஆங்கிலமே. இவ்வாறு பயின்ற ஒருவர் மேலாய்வுக்கு இங்கிலாந்தை நாடியது தனிமனித விருப்பால் மட்டும் நிகழ்ந்ததன்று. நிறுவனமே அவ்வழியிற் சென்றது. தமிழியலில் கலாநிதி ஆய்வினை நெறிப்படுத்தும் மரபு உள்நாட்டில் வேரூன்றாதிருந்ததும், தமிழின் பழைய அச்சு நூல்கள் பல பிரித்தானிய நூதனசாலையிலும் இந்திய அலுவலக நூலகத்திலும் பேணப்பட்டிருந்ததும் ஏனைய காரணங்களாம். நூதனசாலையின் தமிழ் நூற்பட்டியலைப் பார்னற்றும் போப்பும் 1909 இலேயே தொகுத்து வெளியிட்டிருந்தனர்.

2. இலண்டன்: கல்வெட்டும் பத்துப்பாட்டும்

இவ்வழியின் முன்னோடிகளுள் ஒருவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903-1968). ஏழாம், எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுக்களின் மொழியினை ஆய்ந்து 1935 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் கலாநிதிப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அங்குக் கீழைத்தேய மொழிக் கல்வி குடியேற்ற ஆட்சியின் தேவையோடு பிணைந்திருந்தது. 1917 இல் மாணவரை ஏற்கத் தொடங்கிய கீழைத்தேயக் கல்விக் கூடத்தின் நோக்கங்களுள் ஒன்று, ஆட்சியலுவலர்க்கு ஆளப்படுவோர் மொழிகளைக் கற்பித்தலாகும். ஆள்வோர்க்காக அமைந்த கலையினை ஆளப்பட்டோர் தம் மொழியை அறிதற்குக் கருவியாக்கினர் என்பதே இங்கு நோக்கத்தக்கது.

கல்வெட்டு மொழியினை ஆய்ந்தவர் நாட்டுக்கு மீண்டு செய்த பணி யாது? யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கினை அப்படியே கையாண்டு நாடகங்கள் எழுதினார். அவற்றுட் சில 1940 இல் நானாடகம் என்ற பெயரிலும், பின்னர் 1952 இல் இரு நாடகம் என்ற பெயரிலும் நூலுருப் பெற்றன. செந்தமிழே மேடைத் தமிழ் எனக் கருதப்பட்ட காலத்தில் இது சிறு துணிவன்று. கல்லில் வெட்டப்பட்ட மொழியில் இலக்கண நூலார் விதிக்காத வடிவங்கள் பல உண்டு. அவற்றைப் பிழையெனத் தள்ளாது மொழியின் உயிர்ப்பெனக் கண்ட மொழியியற் பயிற்சியே, கிராமத்துக் கிழவியின் பேச்சிலும் ஓர் ஒழுங்கினை அவருக்குக் காட்டியிருத்தல் வேண்டும்.

அவர்தம் மாணாக்கர் சு. வித்தியானந்தன் (1924-1989) பத்துப்பாட்டினை வரலாற்று, சமூக, மொழியியல் நோக்கில் ஆய்ந்து 1950 இல் இலண்டனிற் பட்டம் பெற்றார். போரின் குண்டுவீச்சிற் சிதைந்த நகர் அது. உணவுப் பங்கீடு அங்கு 1954 வரை நீடித்தது. சோறும் குழம்பும் பழகிய மாணவர் இறைச்சியும் வெண்ணெயும் அட்டைக்கு அளந்து வழங்கப்பட்ட பேரரசுத் தலைநகரில் ஆற்றுப்படைகள் கூறும் விருந்தோம்பலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார்! ஆய்வின் பயன் தமிழர் சால்பு என்னும் நூலாக 1954 இல் வெளிவந்தது. அதனை வெளியிட்டது சென்னைப் பதிப்பகம் எதுவுமன்று. கண்டிப் பகுதியின் முஸ்லிம் கிராமமாகிய கல்ஹின்னையில் எஸ். எம். ஹனிபா நிறுவிய தமிழ் மன்றமே அதனை அச்சேற்றிற்று. இலண்டனிற் பிறந்த ஆய்வு நான்காண்டுகளுள் கண்டி மலைக் கிராமமொன்றின் முயற்சியால் தமிழ் வாசகர் கைக்கு எட்டியமை நம் பதிப்பு வரலாற்றில் சிறப்பித்துக் கூறற்குரியது. பின்னர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைப் பேராதனை மேடைக்குக் கொணர்ந்து, கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) முதலியவற்றைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஆடுவித்தார்.

3. பேர்மிங்ஹாம், 1964 ஒக்டோபர்

அடுத்த தலைமுறையினர் இலண்டனை விடுத்துத் தொழில் நகராகிய பேர்மிங்ஹாமை நாடினர். க. கைலாசபதி (1933-1982) 1963 முதல் 1966 வரை அங்கு ஆய்வு மாணவராயிருந்தார். கா. சிவத்தம்பி (1932-2011) அதே பல்கலைக்கழகத்தில் 1970 இல் பட்டம் பெற்றார். இருவரையும் நெறிப்படுத்தியவர் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன்.

அக்காலத்துப் பேர்மிங்ஹாம் பிரித்தானிய இனவாத அரசியலின் களங்களுள் ஒன்று. மேற்கிந்தியரும் பஞ்சாபியரும் பாகிஸ்தானியரும் வார்ப்பாலைகளில் உழைத்த பகுதி அது. நகரை ஒட்டிய ஸ்மெதிக் தொகுதியில் 1964 ஒக்டோபர் 15 ஆந் திகதி நடந்த பொதுத்தேர்தலில், குடியேறியோர்க்கு எதிரான வெறுப்பினைத் துணைக்கொண்டு பழமைவாதக் கட்சி வேட்பாளர் வென்றார். மறு ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மல்கம் எக்ஸ் அவ்வூர்த் தெருவொன்றிற்கு நேரில் வந்து அந்நிலையினைக் கண்டார். இனொக் பவல் குடியேறியோர்க்கு எதிராக ஆற்றிய பேர்பெற்ற உரையும் 1968 இல் பேர்மிங்ஹாமிலேயே நிகழ்ந்தது. நிறங் காரணமாக வாடகை அறை மறுத்தல் 1968 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்நாட்டிற் குற்றமாகாது. ஆசிய, ஆபிரிக்க மாணவர் எவரும் அறை தேடிக் கதவைத் தட்டும்போது இதனை மறந்திருத்தல் இயலாது.

ஸ்மெதிக் தேர்தல் நிகழ்ந்த பதினைந்தாம் நாள், ஒக்டோபர் 30 ஆந் திகதி, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி மலையகத் தமிழருள் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். குடியேறிய உழைப்பாளர் வேண்டப்படாதார் என்ற குரல் ஒரே மாதத்தில் பேர்மிங்ஹாமின் ஓரத்திலும் கேட்டது. கண்டிச் சீமையின் தேயிலைத் தோட்டங்களிலும் கேட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணாது அக்கால ஆய்வு மாணவர் வாழ்வினை நாம் விளங்கிக்கொள்ளல் அரிது.

4. தீவு மீனவரும் பாணரும்

தொம்சனும் கணபதிப்பிள்ளையைப் போன்றே 1903 இற் பிறந்தவர். கேம்பிரிட்ஜிற் கிரேக்கம் கற்ற அவ்விளைஞர் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கற் தீவுக்கு 1923 இற் சென்று, மீனவரோடு வாழ்ந்து ஐரிஷ் மொழியைக் கற்றார். அத்தீவினர் நாவில் வழங்கிய கதையும் பாட்டும் ஹோமர் காவியத்தின் பிறப்பினை அவருக்கு உணர்த்தின. ஏட்டுக்கு முன் நாவும், கவிஞனுக்குப் பின் சமுதாயமும் நிற்றலை அவர் கண்டார். காள்வேயிற் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1931 தொடக்கம் கிரேக்கத்தை ஐரிஷ் மொழி வாயிலாகவே கற்பித்தார். அடக்கப்பட்ட மொழியில் உயர்கல்வி இயலும் என நடைமுறையிற் காட்ட முயன்ற ஒருவரிடம், சுயமொழிக் கல்விக்கு மாறிக்கொண்டிருந்த நாட்டிலிருந்து நம்மவர் சென்று சேர்ந்தமை பொருத்தமானதே. மார்க்சியராகிய அவர் 1941 இல் வெளியிட்ட ஈஸ்கிலசும் ஏதென்சும் பற்றிய நூல், நாடகத்தின் தோற்றத்தைச் சடங்கிலும் சமூக மாற்றத்திலும் தேடிற்று.

கைலாசபதி தம் ஆய்வில் சங்கச் செய்யுட்களை வீரயுக வாய்மொழி மரபில் வைத்து நோக்கினார். மீண்டு மீண்டு வரும் தொடர்களையும் அடைமொழிகளையும் பாடுவோர்க்குக் கைகொடுத்த வாய்பாடுகளாகக் கண்டார். கிரேக்க, அயர்லாந்துப் பாடகரோடு பாணரையும் பொருநரையும் ஒப்பிட்டார். இக்கருத்து முற்றாக ஏற்கப்பட்டதன்று. சங்கப் புலவர் எழுத்தறிந்தோர், பாணர் மரபினைப் பின்பற்றிப் பாடினோரேயன்றிப் பாணரல்லர் என ஜோர்ஜ் ஹாட் முதலியோர் மறுத்தனர். எனினும் சங்க இலக்கியத்தைப் பொற்காலப் பெருமையிலிருந்து மீட்டு, மனிதர் வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் விளைவாக நோக்கும் நெறி அதனால் உறுதிபெற்றது. சிவத்தம்பி அந்நெறியிற் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகத்தின் இடத்தினை ஆய்ந்தார்.

5. திரும்பி வந்த வழி

கைலாசபதியின் ஆய்வேடு தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலாக 1968 இல் ஒக்ஸ்போட் கிளாரண்டன் அச்சகத்தில் வெளிவந்தது. சிவத்தம்பியினது 1981 இற் சென்னையில் ஆங்கிலத்திலேயே அச்சாயிற்று. இவ்விரண்டும் தமிழில் முழுமையாக வெளிவந்தது 2000 ஆம் ஆண்டின் பின்னரே. தமிழரைப் பற்றித் தமிழர் எழுதிய நூலொன்று தமிழருக்குக் கிடைக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன. வித்தியானந்தன் நூல் நான்காண்டுகளிற் கடந்த தூரம் அது.

கருத்துக்கள் அதுவரை காத்திருக்கவில்லை என்பதும் உண்மை. கைலாசபதி 1966 இலேயே பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும் என்ற நூலையும், 1969 இல் ஒப்பியல் இலக்கியத்தையும் தமிழில் தந்தார். விரிவுரை மண்டபமும் சஞ்சிகைகளும் எஞ்சியதைச் செய்தன. ஆயினும் முடிபுகள் வந்து சேர்ந்தனவேயன்றி, அவற்றை நிறுவிய சான்றுகள் முழுமையாக வரவில்லை. சான்றினைப் பார்க்க இயலாத வாசகன் முடிபினை நம்புவான் அல்லது வெறுப்பான், விவாதிக்க மாட்டான். கைலாசபதியைச் சுற்றி எழுந்த ஆராதனைக்கும் வசைக்கும் இது ஒரு காரணமென்றே தோன்றுகிறது.

வரலாற்றுத் துறையிலும் இதனைக் காணலாம். பேராதனை சார்ந்த கா. இந்திரபாலா இலங்கையின் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண அரசின் தோற்றத்தையும் ஆய்ந்து 1965 இல் இலண்டனில் அளித்த ஆய்வேடு, பொதுமக்கள் படிக்காமலே அரசியல் மேடைகளிற் பேசப்பட்டது. பின்வந்த தொல்லியற் சான்றுகளைக் கொண்டு அவரே தம் கருத்துக்களைத் திருத்தி 2005 இல் விரிவான நூல் எழுதினார். ஆய்வாளர் தம்மைத் திருத்திக்கொண்டார். ஆய்வேட்டினைக் காணாதோர் பழைய முடிபையே பற்றி நின்றனர்.

6. அந்தானை மலையிலிருந்து

ஒன்று கூறாது முடித்தல் நேர்மையாகாது. 1960 களில் நாட்டின் அந்நியச் செலாவணியிற் பெரும்பகுதியை ஈட்டியது தேயிலையே. பல்கலைக்கழகத்தையும் கடல் கடந்த கல்வியையும் தாங்கிய செல்வத்திற் கணிசமான பங்கு, வளாகத்திலிருந்து நோக்கினாற் கண்ணுக்குத் தெரியும் மலைகளிற் கொழுந்து கிள்ளிய கைகளுடையது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த அம்மக்களின் பிள்ளைகளுக்குத் தோட்டப் பாடசாலையின் சில வகுப்புக்களுக்கு மேல் பெரும்பாலும் வழி இருக்கவில்லை. கடல் கடக்கும் பயணம் அவர்களுக்கும் வாய்த்தது: தலைமன்னார் வரை புகையிரதத்திலும், பின்னர் இராமேஸ்வரம் வரை கப்பலிலும்! ஆய்வு மாணவர் திரும்பி வந்தனர், இவர்கள் திரும்பவில்லை. அவர்தம் வாழ்வும் வாய்மொழிப் பாடலும் பல்கலைக்கழக ஆய்வுப் பொருளாக நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. பிளாஸ்கற் மீனவரிடம் ஹோமரைக் கண்ட ஆசானிடம் பயின்றோர் நிழலிலும் அந்தானை லயங்கள் உரியவாறு செவிமடுக்கப்படவில்லை என்பது நமது தலைமுறைக்கும் உரிய குற்றமேயாம்.

1974 இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியபோது அதன் முதல் தலைவராகக் கைலாசபதி அமர்ந்தார். பேராதனையில் வித்தியானந்தனின் கூத்துக்களில் ஆடிய சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்ந்து 1980 களில் அங்கேயே கலாநிதியானார். கடல் கடவாமலும் ஆய்வு இயலும் என்பதற்கு இங்கிலாந்து சென்று மீண்டோரே வழி சமைத்தனர். அதே காலத்தில், 1983 க்குப் பின், இங்கிலாந்துப் பயணம் பலருக்கு மீளாப் பயணமாயிற்று. ஆகவே ஆய்வு திரும்புதல் ஆய்வாளர் திரும்புதலை மட்டும் நம்பியிருத்தல் இனி இயலாது. தமிழரைப் பற்றி எம்மொழியில், எந்நாட்டில் எழுதப்படும் ஆய்வேடும் அதன் சான்றுகளோடு தமிழில் வெளிவருதல் வேண்டும். கல்ஹின்னைச் சிற்றூர் 1954 இற் செய்ததை இன்றைய பல்கலைக்கழகங்கள் செய்யவியலாதெனக் கூறுதல் பொருந்தாது.