ஸ்மார்ட் மோட்டார் சுவிட்ச்
தண்ணீர் மோட்டாரைக் கைபேசி வழியே இயக்கி, தொட்டி நிரம்பியதும் தானே நிறுத்தும் வீட்டுக் கருவி. பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். மோட்டார் கிளம்பும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். சாதாரண ஸ்மார்ட் பிளக்கில் அதைச் செருகவே கூடாது, அதிக மின்னோட்டம் தாங்கும் கான்டாக்டர் வழியாகத்தான் இணைக்க வேண்டும்.

சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரில் இக்கருவிக்குத் தனிச் சிக்கல் உப்பு. சென்னையின் தாகத்துக்காக நிலத்தடி நீர் அளவின்றி இறைக்கப்பட்டு, இங்கே கடல்நீர் உட்புகுந்தது. அந்த இழப்பை இவ்வூர் இன்னும் சுமக்கிறது. அத்தகைய ஆழ்துளைக் கிணற்று நீரில் நிற்கும் சென்சார் கம்பி முனைகளில் வெள்ளைப் படிவு ஏறும். அதனால் தொட்டி வழிந்தாலும் மோட்டார் நிற்காது. கருவியை மாற்றுமுன் மெயினை அணைத்து, முனைகளைத் துடைத்துப் பார்க்கலாம். உப்புநீருக்கு மிதவைச் சுவிட்சே பொருத்தம்.