ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவும் அரசு நிதியும்: வேலூர் – ஆம்பூர் வட்டாரம்

தமிழ்நாட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீடு, அரசு ஓய்வூதியர்களுக்கான பொதுத் திட்டத்துக்குள் அடங்கியது. 1995-இல் தொடங்கிய ஓய்வூதியர் மருத்துவ நிதித் திட்டம் இதன் முன்னோடி. 2014 ஜூலை 1 அன்று புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஓய்வூதியர்களுக்கும் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் வந்தது. அப்போது மாதச் சந்தா 150 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்குக் காப்பீடு 2 லட்சம். 2018-இல் சந்தா 350 ஆனது, காப்பீடு 4 லட்சமானது. 2022 ஜூலை 1 முதல் சந்தா 497 ரூபாய். காப்பீடு 5 லட்சம், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 10 லட்சம் வரை. எட்டு ஆண்டுகளில் காப்பீட்டுத் தொகை இரண்டரை மடங்கு உயர, சந்தா மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்துவிட்டது. பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸுடன் ஒப்பந்தம் போடுவது அரசு. சந்தா போவது ஓய்வூதியத்திலிருந்து. கருவூலத்திலிருந்து வங்கிக் கணக்குக்குப் பணம் வரும்போதே 497 ரூபாய் பிடித்தம் ஆகியிருக்கும். அதே ஓய்வூதியருக்கு மருத்துவப்படியாகக் கிடைப்பது மாதம் 300 ரூபாய். மருத்துவத்துக்கென்று அரசு கொடுக்கும் தொகையைவிட, மருத்துவத்துக்கென்று அரசு பிடிக்கும் தொகை 197 ரூபாய் அதிகம். இந்தச் சந்தாவை அரசே ஏற்க வேண்டும், குறைந்த ஓய்வூதியம் வாங்குவோருக்கு முழுமையாகவே ஏற்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

பாலாற்றங்கரையின் தோல் தொழில் வட்டாரத்தில் இந்தக் கருத்துக்குத் தனி அழுத்தம் உண்டு. வேலூர், மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்த ஊர்களின் கல்வி நிலையங்களில் பல, தோல் வணிகர்களும் மிஷன்களும் சங்கங்களும் தொடங்கியவை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இலும், மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இலும் பிறந்தன. கட்டடமும் நிலமும் கொடையாளர்கள் தந்தவை. உதவிபெறும் நிறுவனமான பிறகு ஆசிரியரின் சம்பளமும் ஓய்வூதியமும் அரசுப் பணம். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்குப் போனது. ஓய்வூதியப் பொறுப்பு மட்டும் எங்கும் நகரவில்லை. பணிக்காலத்தில் கையில் தராமல் பின்னாளுக்கென நிறுத்திவைத்த கூலிதான் ஓய்வூதியம். முதுமையில் வரும் நோய்க்கான செலவும் அந்தக் கூலியின் பகுதியே. பிறர் உழைப்பை வாங்கிய முதலாளிக்கும் இந்தக் கடமை உண்டு என்று இந்திய அரசே சட்டம் செய்திருக்கிறது.

அந்தச் சட்டத்தை ஆம்பூர்த் தெருக்களிலேயே காணலாம். டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்யும் தொழிலாளி, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டத்தில் வருகிறார். 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. குறைந்தது ஐந்து ஆண்டுகள் காப்பீட்டில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதி பெறலாம். மாதக் கணக்கில் பத்து ரூபாய். அதே தெருவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஆண்டுக்குக் கட்டுவது 5,964 ரூபாய். இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளின் தரத்தில் குறைகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் உழைத்து முடித்தவரிடம் பெயருக்கு ஒரு தொகை மட்டும் வாங்குவது என்ற கொள்கை அங்கே நிற்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு. ப்ரீமியம் முழுவதும் அரசுப் பணம். ஓய்வூதியருக்கோ அதே 5 லட்சம் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து. இந்த நான்கு ஆண்டுகளில் அவர் கட்டும் சந்தா 23,856 ரூபாய்.

சந்தா எல்லோருக்கும் ஒரே தொகை என்பது இதைவிடப் பெரிய குறை. மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவரும் 497 கட்டுகிறார். இறந்துபோன இடைநிலை ஆசிரியரின் மனைவியும் 497 கட்டுகிறார். குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் 7,850 ரூபாய். அகவிலைப்படியைச் சேர்க்காமல் கணக்கிட்டால் அதில் ஆறு விழுக்காட்டுக்கு மேல் சந்தாவுக்கே போகிறது. 40,000 ரூபாய் வாங்குபவருக்கு அது ஒன்றேகால் விழுக்காடுதான். அகவிலைப்படி சேர்ந்தால் இருவருக்கும் பாரம் குறையும், ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும். மத்திய அரசின் சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். இந்தத் தவற்றைச் செய்யவில்லை. அங்கே ஊதியப் படிநிலைக்கேற்ப மாதம் 250 முதல் 1,000 ரூபாய் வரை வெவ்வேறு சந்தா. ஓய்வூதியர் பத்து ஆண்டுத் தொகையை ஒரே முறை கட்டிவிட்டால் ஆயுளுக்கும் அட்டை. வேலூருக்கு வடக்கே எல்லை தாண்டினால் சித்தூர். அங்குள்ள ஆசிரியர்களுக்கு ஆந்திர அரசு 2013-இல் கொண்டுவந்த திட்டத்தில், படிநிலைக்கேற்ப 90 அல்லது 120 ரூபாய் பிடித்து, அரசும் தன் பங்கைச் சேர்த்தது. கேரளத்தில் 2022 ஜூலையில் தொடங்கிய மெடிசெப் திட்டம், ஓய்வூதியருக்கு ஏற்கெனவே தந்துவந்த 500 ரூபாய் மருத்துவப்படியையே ப்ரீமியமாக மாற்றிக்கொண்டது. அப்போது காப்பீடு ஆண்டுக்கு 3 லட்சமாக இருந்தது.

பணம் எங்கே என்பது முதல் மறுப்பு. நியாயமான கேள்விதான். மாநிலத்தில் ஓய்வூதியரும் குடும்ப ஓய்வூதியரும் சுமார் 7 லட்சம் பேர் என்று கொண்டால், அத்தனை பேரின் சந்தாவையும் அரசே ஏற்க ஆண்டுக்கு ஏறத்தாழ 417 கோடி ரூபாய் ஆகும். சிறிய தொகை அல்ல. ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் முழுத் தொகையையும் ஏற்க வேண்டியதில்லை. குறைந்த ஓய்வூதியம் வாங்குவோரிலிருந்து தொடங்கி, மேல்நிலையில் உள்ளவர்களுக்குப் பாதியை ஏற்றால் செலவு வெகுவாக இறங்கும். வரிச் சட்டத்திலும் கவனிக்க ஒரு விதி இருக்கிறது. குழுக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, ப்ரீமியம் முழுவதையும் அரசே செலுத்தும் காப்பீட்டுத் திட்டத்துக்கு விலக்கு உண்டு. அரசு முழுப் பொறுப்பேற்பது, வரி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் சுற்றையும் தவிர்க்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அவர்கள் கடையில் கட்டும் வரியில் ஆசிரியருக்குச் சலுகையா? இந்தக் கேள்வி நம் மனத்தை உறுத்தத்தான் வேண்டும். ஆனால் இதன் விடை அந்தப் பெண்களை இ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவருவது. ஆசிரியரின் கூலியில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடிப்பதால் திண்ணையில் தைப்பவருக்கு ஒரு மாத்திரையும் கூடுதலாகக் கிடைத்துவிடாது. இலவசமானால் தேவையில்லாமல் மருத்துவமனைக்குப் போவார்கள் என்பதும் நிற்காத வாதம். ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன் அனுமதி வேண்டும், தொகைக்கு வரம்பு உண்டு. கண்புரை அறுவைக்கு ஒரு கண்ணுக்கு 30,000 ரூபாய்தான். சந்தா இல்லை என்பதற்காக எந்த எழுபது வயதுக்காரரும் அறுவைக்குப் படுக்கமாட்டார்.

சந்தாவை அரசு ஏற்பதோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லவும் முடியாது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவமனைக் கவுன்டரில் இரண்டு தாள்கள் வரும்: ஒன்று மொத்த பில், மற்றொன்று காப்பீட்டு நிறுவனம் அனுமதித்த தொகை. இடைவெளியைக் கட்டுபவர் நோயாளி. பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்கு அவசரத்தில் போனவர் கருவூலத்துக்கு விண்ணப்பித்து, மாவட்ட அளவிலான குழுவின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். மருத்துவமனை பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஓய்வு பெற்றவரின் செலவை மறுக்கக்கூடாது என்று, சிவகாந்த் ஜா வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேலும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மருந்து, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்ட இந்தக் காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறது. சந்தாவை அரசு ஏற்றால் மிஞ்சும் 497 ரூபாய் அந்த மருந்துக்காவது உதவும்.

இன்னொரு பிரிவினர் இந்தக் கணக்கிலேயே இருக்கவில்லை. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டார்கள். அந்தத் திட்டத்தில் ஓய்வு பெற்றவருக்கு மாத ஓய்வூதியம் இருக்கவில்லை. ஓய்வூதியம் இல்லாத இடத்தில் பிடித்தமும் இருக்கவில்லை, பிடித்தத்தை நம்பி நிற்கும் காப்பீடும் இருக்கவில்லை. 2022-இல் போட்ட ஒப்பந்தத்தின் காலம் 2026 ஜூன் 30 வரை. அதை அடுத்து வரும் ஒப்பந்தங்களில் சந்தாவைப் படிநிலைப்படுத்தி, கீழ்ப்படியின் பங்கை அரசே கட்டி, பங்களிப்புத் திட்டத்தில் ஓய்வு பெற்றவர்களையும் சேர்க்க வேண்டும். அந்தப் பங்கு சலுகையாக அல்ல, ஊதியச் செலவாக வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்பட வேண்டும்.