கால்களை இழந்த இரு விமானமோட்டிகளும் இரு திரைப்படங்களும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானமோட்டிகளைப் பற்றிய திரைப்படங்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ள முனைவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். நாயகனது வாழ்வின் எப்பகுதி தெரிந்தெடுக்கப்பட்டது? எக்காலத்தில் அது தெரிந்தெடுக்கப்பட்டது? அத்தெரிவு எச்சமூகத் தேவையை நிறைவு செய்தது? இவ்வினாக்களுக்கு விடைகாண இரு படங்கள் பெரிதும் துணைபுரிவன. ஒன்று, அலெக்சாந்தர் ஸ்தோல்பர் நெறிப்படுத்தி 1948இல் வெளிவந்த சோவியத் படமான 'உண்மை மனிதனின் கதை'. மற்றையது, லூயிஸ் கில்பேர்ட் நெறிப்படுத்தி 1956இல் வெளிவந்த பிரித்தானியப் படமான 'ரீச் ஃபோர் த ஸ்கை'. இரண்டின் நாயகர்களும் இரு கால்களையும் இழந்த பின்னர் போர் விமானம் ஓட்டியவர்கள். உடலிழப்பு ஒத்ததாயிருக்க, அதற்குக் கற்பிக்கப்பட்ட பொருள் வேறுபட்டமையே இங்கு ஆராயத்தக்கது.

அலெக்சேய் மரேசியெவ் 1916இல் வொல்கா நதிக்கரை நகரான கமீஷினில் பிறந்தார். கடைசற் தொழில் பயின்ற அவர் 1934இல் தூரகிழக்கில் கொம்சொமோல்ஸ்க் நகரை நிர்மாணிக்கச் சென்றார். விமானம் ஓட்டக் கற்றதும் அங்கேயே. 1942 ஏப்ரலில் அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. கால்கள் நொறுங்கிய நிலையில் 18 நாட்கள் பனிக்காட்டினூடே ஊர்ந்து உயிர் தப்பினார். கால்கள் துண்டிக்கப்பட்ட பின்னரும் 1943 கோடையில் கூர்ஸ்க் சமரில் மீண்டும் வானேறினார்.

டக்ளஸ் பாடர் 1910இல் பிறந்தவர். கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் பயின்ற அதிகாரி. அவர் கால்களை இழந்தது போரிலன்று; 1931 டிசம்பரில் தாழப் பறந்து சாகசம் காட்ட முனைந்தபோது நேர்ந்த விபத்திலாகும். சேவையிலிருந்து நீக்கப்பட்டு எண்ணெய்க் கம்பனியொன்றில் பணியாற்றிய அவர், போர் மூண்டதும் மீளச் சேர்க்கப்பட்டு, 1940இல் 242ஆவது விமான அணிக்குத் தலைமை தாங்கினார். 1941 ஆகஸ்டில் ஜேர்மனியரிடம் சிறைப்பட்டார். ஒருவர் தொழிலாளி, மற்றவர் அதிகாரி வர்க்கத்தினர் என்னும் வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

மரேசியெவின் வாழ்வு திரையை அடைந்தது நாவல் வழியாகவாகும். 'பிராவ்தா' பத்திரிகையின் போர்ச் செய்தியாளரான பொரீஸ் பொலெவோய் அவரை 1943இல் போர்முனை விமானத்தளத்தில் சந்தித்துக் குறிப்பெடுத்தார். நியூரம்பேர்க் விசாரணை பற்றிச் செய்தி எழுதிய நாட்களில் அக்குறிப்புகள் நாவலாக வளர்ந்து, 1946இல் வெளிவந்தன. நாயகன் பெயரில் ஓரெழுத்து மாறி 'மெரேசியெவ்' ஆயிற்று. மொஸ்கோவில் வெளியிடப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்பு வாயிலாக இந்நாவல் நம்மிடையேயும் வாசகரைப் பெற்றது. மரீயா ஸ்மிர்னோவாவின் திரைக்கதையில் பாவெல் கதோச்னிக்கவ் நாயகனாக நடித்தார்.

நாவலின் உயிர்ப்பான பகுதி, நாயகன் பறக்கும் பகுதியன்று; அவன் பிறரால் காப்பாற்றப்படும் பகுதியே. ஜேர்மனியரால் ஊர் எரிக்கப்பட்டு நிலவறைகளில் வாழும் விவசாயிகள் தமது பட்டினியினிடையே அவனுக்கு உணவூட்டுகின்றனர். எஞ்சிய ஒரேயொரு கோழியை மூதாட்டி வசிலீசா அவனுக்காகக் கொடுக்கிறாள். வைத்தியசாலையில் கொமிசார் ஒருவர், முதலாம் உலகப் போரில் பாதமிழந்தும் பறந்த ருஷ்ய விமானமோட்டியைப் பற்றிய கட்டுரையைக் காட்டுகிறார். அவன் இழந்தது ஒரு பாதமே என நாயகன் வாதிட, நீ சோவியத் மனிதன் என்பதே அவர் விடையாகிறது. தனிமனித மனவுறுதிக்குச் சமூக அடித்தளம் ஒன்று உண்டெனக் காட்டுவது இப்படைப்பின் வலிமை. ஆயின் அவ்விடையிலேயே ஒரு பலவீனமும் உறைகின்றது. கோழியை ஈந்த கிழவியிடமும் கற்றுத்தந்த தாதியிடமும் இருந்த சமூகம், கொமிசாரின் வாயில் அரூபமானதொரு பெயராகிவிடுகின்றது.

இப்பலவீனத்தை அக்காலச் சூழலிலிருந்து பிரித்து நோக்கவியலாது. மே 9 வெற்றித் தினம் 1948 முதல் விடுமுறை நாளாக இல்லாதொழிந்தது. 1965இலேயே அத்தகுதியை மீளப்பெற்றது. போரிலிருந்து அங்கவீனராய்த் திரும்பிய இலட்சக்கணக்கானோருக்குப் பொது வாழ்வில் குறுகிய இடமே கிடைத்தது. அதே 1948இல் திரையேறிய மெரேசியெவ், மீண்டும் பறந்தமையால் 'உண்மை மனிதன்' ஆனான். பறக்க இயலாதோர், நடக்கவும் இயலாதோர் எத்தகைய மனிதர் என்னும் வினாவைப் படம் எழுப்பவில்லை. படத்திற்கு 1949இல் ஸ்ராலின் பரிசு கிடைத்தது. அதே நாவலைக் கொண்டு புரொக்கோஃபியெவ் இயற்றிய இசைநாடகமோ 1948 டிசம்பரில் லெனின்கிராட்டில் மூடிய அரங்கில் நிகழ்த்தப்பட்டு, நிராகரிக்கப்பட்டது. 1960இல் பல்ஷோய் அரங்கில் அது பொதுமக்கள் முன் மேடையேறியபோது அவர் இறந்து 7 ஆண்டுகள் கழிந்திருந்தன. கதையொன்றாயினும், அதனை எவ்வடிவில் சொல்லலாம் என்பதை அதிகார பீடமே தீர்மானித்தது.

பிரித்தானியப் படம் போல் பிறிக்ஹில் 1954இல் வெளியிட்ட நூலை அடியொற்றியது. கென்னத் மோர் பாடராக நடித்தார். அவ்வாண்டு பிரித்தானியத் திரையரங்குகளில் பெருவெற்றி பெற்ற படம் அதுவே. படம் வெளியான 1956 ஜூலை மாத இறுதியிலேயே நாசர் சுயெஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். இந்தியாவையும் இலங்கையையும் முன்னரே இழந்துவிட்ட பேரரசு, தன் தளர்ச்சியை உலகறியக் காட்டிய ஆண்டு அது. சுயெஸை எண்ணி அப்படம் எடுக்கப்படவில்லை. ஆயினும் வீழ்ந்தும் எழும் அதிகாரியின் கதை, இறங்குமுகமாயிருந்த ஆளும் வர்க்கத்திற்கும் அதன் நினைவுகளைப் பகிர்ந்த மக்களுக்கும் ஆறுதலளித்திருக்கும் எனலாம். பாடருக்கு அடைக்கலம் தந்து அதற்காகத் தண்டிக்கப்பட்ட பிரெஞ்சுத் தம்பதியர் அவரது வாழ்வில் உளர். எனினும் படத்தின் இறுதிக் காட்சி, 1945 செப்ரெம்பரில் லண்டன் வானில் அவர் தலைமையேற்ற வெற்றி அணிவகுப்பேயாகும்.

ஆகவே இவ்விரு படங்களையும் 'முற்போக்கு', 'பிற்போக்கு' என இரு கூறாக்கி அமைதியடைவது எளிது; போதியதன்று. பிரித்தானியப் படத்தின் வர்க்கச் சார்பைச் சுட்டிவிட்டு, சோவியத் படத்தின் மௌனங்களைக் கடந்து செல்லும் விமர்சகன் மார்க்சியத்தின் பாதியையே கையாண்டவனாவான். மரேசியெவின் வீரம் மெய்யானது. பாடரின் துணிவும் அத்தகையதே. அவ்வீரத்தைப் போற்றும் அதேவேளை, எஞ்சிய ஒரு கோழியையும் கொடுத்த மூதாட்டியையும், ஊன்றுகோலுடன் ஊர் திரும்பிப் பெயரின்றி மறைந்த போர்வீரனையும் வரலாற்றின் மையத்திற்குக் கொணர்வதே நம்முன் உள்ள பணியாகும்.