பேரை வாவியும் மின்சாரப் படகும்

கொழும்பு மாநகரின் நடுவே, கோட்டையையும் கொம்பனித்தெருவையும் தழுவிக் கிடப்பது பேரை வாவி. போர்த்துக்கேயர் தம் கோட்டைக்கு நீரரணாகக் கொண்ட இவ்வாவியை, அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தர் மற்றொரு காரியத்துக்கும் பயன்படுத்தினர். தம்மிடம் உழைத்த ஆபிரிக்க அடிமைகளை இரவு வேளையில் வாவி சூழ்ந்த நிலத்திலே தங்கவைத்தனர். மதில் எழுப்ப வேண்டிய தேவை அங்கு இருக்கவில்லை, நீரே மதிலாயிற்று. ஆங்கிலத்தில் அவ்விடத்துக்கு வழங்கிய 'அடிமைத்தீவு' என்னும் பெயர் இவ்வரலாற்றின் எச்சமேயாகும்.

ஆங்கிலேயர் காலத்தில் அதே நீர் வாணிபப் பாதையாக மாறிற்று. வாவிக்கரைப் பண்டசாலைகளிலிருந்து தேயிலை முதலிய சரக்குகள் பாரப் படகுகளில் ஏறி, கால்வாயையும் நீர்ப்பூட்டையும் கடந்து துறைமுகம் சேர்ந்தன. அப்படகுகளை நகர்த்தியவை படகோட்டிகளின் தோள்களும் மரக்கோல்களுமே. 1864இல் தோன்றிய கொழும்புப் படகோட்டக் கழகத்தார் இதே வாவியில் விளையாட்டாகத் துடுப்பு வலித்தனர். விளையாட்டாயினும் தொழிலாயினும் நீரில் ஓடியது மனித வலிமையே.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொழும்பு வீதிகளில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. வீதியில் வண்டியை இழுத்த மின்சாரம், பக்கத்து வாவியில் படகைத் தள்ளாமற் போனது ஏன்? விடை எளிது. டிராம் வண்டிக்கு மேலே கம்பி இருந்தது. வேண்டிய மின்சாரத்தை அது கணந்தோறும் பெற்றுக்கொண்டது. படகோ தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் தானே சுமந்து செல்ல வேண்டும். படகுப் பொறியின் வரலாறு முழுவதும் இந்தச் சுமையைப் பற்றிய வரலாறே.

படகில் மின்சாரம் எண்ணெய்க்குப் பின் வந்த புதுமை என்று பலர் கருதுவர். உண்மை நேர்மாறானது. 1838இலேயே யாக்கோபி என்னும் அறிஞர், உருசியாவின் நேவா ஆற்றில் மின்கலங்களால் இயங்கும் படகொன்றைச் செலுத்திக் காட்டினார். 1881இல் பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் துரூவே என்பவர், கழற்றி மாட்டத்தக்க மின்பொறியைச் சுக்கானோடு பொருத்திச் செயின் ஆற்றில் படகு விட்டார். வெளியிணைப்பு இயந்திரத்தின் முன்னோடி அதுவே. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியின் நீர்நிலைகளில் 55 மின்சாரப் படகுகள் மக்களை ஏற்றிச் சென்றன.

1909இல் நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட், பெற்றோலால் இயங்கும் வெளியிணைப்பு இயந்திரத்தை ஆக்கினார். அன்று முதல் எண்ணெயே வென்றது. இவ்வெற்றியின் காரணத்தைச் சிறு கணக்கு விளக்கும். 25 குதிரைவலுப் பொறியை ஒரு மணிநேரம் முழு வலுவில் ஓட்ட, ஏறத்தாழ 18 அல்லது 19 கிலோவாற்று-மணி ஆற்றல் வேண்டும். எரியும் வெப்பத்தின் பெரும்பகுதியை வீணாக்கிய போதும், பெற்றோல் இயந்திரத்துக்கு 6 முதல் 8 கிலோகிராம் எண்ணெய் போதும். மின்பொறி தான் பெறுவதில் மிகச் சிறு பகுதியையே வீணாக்கும். ஆயினும் அதற்கு இன்றைய இலிதியம் மின்கல அடுக்கே 100 கிலோகிராமுக்கு மேல் வேண்டும். பழைய ஈய மின்கலமாயின் அதன் பாரம் இன்னும் பன்மடங்காகும்.

இலங்கையில் 1950களில் மீன்பிடிக் கலங்களை இயந்திரமயமாக்கும் முயற்சி தொடங்கிற்று. காலப்போக்கில் பாயும் மரக்கோலும் பின்னே ஒதுங்கின. நோர்வேயின் துணையுடன் காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனம் கண்ணாடியிழைப் படகுகளை ஆக்கிற்று. வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடக் கற்றுக்கொண்டது. மீனவனும் மண்ணெண்ணெயை நம்பி வாழக் கற்றுக்கொண்டான். உள்நாட்டுப் போரின்போது வடகடலில் இயந்திர வலுவுக்கே கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. எத்துணைத் தூரம் செல்லலாம் என்பதைக் கடலோடியின் திறமை தீர்மானிக்கவில்லை. போர் முடிந்த பின்னரும் அவனுடைய அச்சாணி பிறர் கையிலேயே இருந்தது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது, பல வள்ளங்கள் கரையிற் கிடந்தன.

இந்நிலையிலேதான் பழைய மின்பொறி புதிய வலுவோடு திரும்பி வந்திருக்கிறது. 1991இல் விற்பனைக்கு வந்த இலிதியம்-அயன் மின்கலம் சுமையைக் குறைத்தது. ஜேர்மனியில் 2005இல் தோன்றிய டொர்கீடோ நிறுவனம் மின்சார வெளியிணைப்புப் பொறிகளையே தொழிலாகக் கொண்டது. கனடாவின் விஷன் மரீன் நிறுவனம் 180 குதிரைவலுப் பொறியை ஆக்கியிருக்கிறது. எனினும் வலு மிகுந்தால் சுமையும் விலையும் மிகும் என்னும் பழைய விதி மாறவில்லை. நீரைக் கிழித்துச் செல்லும் சாதாரணப் படகில் வேகத்தை இருமடங்காக்க, வலுவை ஏறத்தாழ எட்டு மடங்காக்க வேண்டும். ஆதலால் ஆழ்கடலுக்கு விரைந்து சென்று மீளும் மீனவனுக்கு மின்பொறி இன்னும் ஏற்ற துணையன்று. மெதுவாகச் சென்று, குறித்த நேரத்தில் கரை திரும்பும் படகுக்கோ அதுவே சிறந்தது.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. கேரளத்தின் வைக்கத்தில் 2017 முதல் 'ஆதித்யா' என்னும் படகு, சூரிய ஒளியால் பெறும் மின்சாரத்தைக் கொண்டு 75 பயணிகளை ஏற்றி, வேம்பநாட்டுக் காயலின் அக்கரைக்கும் இக்கரைக்கும் சென்று வருகிறது. காயலுக்குப் பொருந்தியது வாவிக்கும் களப்புக்கும் பொருந்தாதிருக்க நியாயமில்லை. பேரை வாவி அலையற்றது, தூரம் சிறிது, கரையெங்கும் மின்சாரம் உண்டு. தேங்கிய நீராதலால் அதிற் சிந்தும் எண்ணெய் விரைவில் அகலுவதில்லை. எனவே எண்ணெய் சிந்தாத பொறிக்கு அங்கே இருமடங்கு மதிப்புண்டு.

பொறியின் முதல் விலையே பெருந்தடை. சிறு மீனவன் அதனைத் தனியே தாங்கமாட்டான். கூட்டுறவுச் சங்கமும் அரசும் தோள்கொடுத்தாலன்றி, இப்பொறி செல்வரின் உல்லாசப் படகோடு நின்றுவிடும். ஒருகாலத்தில் மனிதரைச் சிறைவைக்க உதவிய நீர், பிற்காலத்தில் அவர்தம் தோள்வலியை வாங்கியது. இனி அந்நீரில் ஓடும் பொறி யாருடைய பாரத்தைக் குறைக்கப் போகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.