கம்பி விமானம்: எண்ணெய்த் தொட்டியைப் பொருத்தும் முறை

ரிமோட் இல்லாமல், இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளாலும் ஒரு கைப்பிடியாலும் இயக்கப்படும் மாதிரி விமானம் இது. இயக்குபவர் நடுவில் நிற்க, அவரைச் சுற்றி வட்டமிடும். பால்சா பலகையில் இறக்கையும் வாலும் ஒட்டுவது எளிது. எண்ணெய்த் தொட்டியில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

சுழலும் வேகத்தில் எண்ணெய் வட்டத்தின் வெளிப்பக்கமாக ஒதுங்கும். ஆகவே உறிஞ்சு குழாயின் முனை தொட்டியின் வெளிப்புறப் பின்மூலையில் இருக்க வேண்டும். இல்லையேல், எண்ணெய் மீதமிருக்கும்போதே இஞ்சின் நின்றுவிடும். தொட்டியின் நடுமட்டமும் ஊசி வால்வும் ஒரே உயரத்தில் அமைய வேண்டும். தலைகீழாகப் பறக்கையில் இஞ்சின் வேகம் கூடினால், தொட்டி உயரமாக இருக்கிறது. சற்று இறக்கினால் சரியாகும். எரிபொருளில் மெத்தனால் இருப்பதால் சிலிக்கோன் குழாயே ஏற்றது.

மின்கம்பிகள் செல்லும் திடலில் பறக்கவிடவே கூடாது. உயர் அழுத்தக் கம்பியை நெருங்கினாலே கைப்பிடி வரை மின்சாரம் பாயக்கூடும்.