லில்லில் பிறந்து, கிண்டியில் வளர்ந்து, லாச்சப்பலுக்கு வந்த ஊசி

பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் லில் நகரம் ஒரு மணி நேரப் பயணம். நிலையத்துக்கு அருகிலுள்ள லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வரும் நம்மவர்களில் பலரின் இடது தோளில் லில்லின் அடையாளம் ஒன்று இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ புதுச்சேரியிலோ போட்ட காசநோய்த் தடுப்பூசியின் தழும்புதான் அது. பி.சி.ஜி. என்ற அந்த மருந்தின் முதல் கிருமி லில்லில் வளர்ந்தது. அது அங்கிருந்து பாரிஸ், கோபன்ஹேகன், சென்னை என்று சுற்றி, இன்று இதே வட்டாரத்தில் பிறக்கும் நம் பிள்ளைகளின் தோளுக்குத் திரும்பி வந்திருக்கிறது. வந்த வழியில் அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஒரு முறை கொல்லவும் செய்தது. இரண்டிலும் அரசின் கண்காணிப்புக்கு, அல்லது அது இல்லாமல் போனதற்கு, பெரிய பங்கு உண்டு.

1908இல் லில் பஸ்தர் நிறுவனத்தில் அல்பேர் கல்மெத் என்ற மருத்துவரும் கமிய் கெரான் என்ற கால்நடை வைத்தியரும் மாட்டுக் காசநோய்க் கிருமி ஒன்றை வளர்க்கத் தொடங்கினார்கள். கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருக்க, கிளிசரினும் மாட்டுப் பித்தநீரும் சேர்த்து வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் அதை வளர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதுத் துண்டுக்கு மாற்ற வேண்டும். மாற்ற மாற்றக் கிருமியின் கொடுமை குறைவதை அவர்கள் கவனித்தார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் படை லில்லைப் பிடித்து நான்கு ஆண்டுகள் வைத்திருந்தது. உருளைக்கிழங்குக்கும் பித்தநீருக்கும் தட்டுப்பாடு. ஆனாலும் மாற்றுவதை நிறுத்தவில்லை. 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றிய பிறகு, விலங்குகளுக்கு நோயை உண்டாக்க முடியாத ஒரு கிருமி அவர்கள் கையில் இருந்தது.

அதை மனிதருக்கு முதலில் கொடுத்தது 1921இல், பாரிஸ் ஷாரித்தே மருத்துவமனையில். ஒரு கைக்குழந்தை. தாய் காசநோயால் இறந்துவிட்டாள். குழந்தையை வளர்க்கப்போகும் பாட்டிக்கும் அதே நோய். அந்த வீட்டுக்குப் போனால் குழந்தை தப்பாது என்று பெஞ்சமின் வெய்-ஆலே என்ற மருத்துவருக்குத் தெரியும். ஊசியாக அல்ல, வாய்வழியே கொடுத்தார். குழந்தை நோயில்லாமல் வளர்ந்தது. 1928க்குள் பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அது கொடுக்கப்பட்டிருந்தது.

அடுத்து லூபெக். வட ஜெர்மனியில் உள்ள இந்த நகரத்துக்கு 1929இல் பாரிஸிலிருந்து கிருமி அனுப்பப்பட்டது. அங்குள்ள மருத்துவமனை ஆய்வுக்கூடமே மருந்தைத் தயாரித்து, 250க்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளுக்குக் கொடுத்தது. 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் காசநோய் வந்து இறந்தார்கள். பாரிஸிலிருந்து வந்த கிருமியில் குற்றமில்லை. மனிதரைக் கொல்லும் காசநோய்க் கிருமியும் அதே ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டு வந்தது, இரண்டும் கலந்துவிட்டன. பொறுப்பிலிருந்த மருத்துவர்கள் இருவருக்கு 1932இல் சிறைத்தண்டனை கிடைத்தது. பழி நீங்கிய பிறகும் கல்மெத்தை அந்தச் சம்பவம் உடைத்துவிட்டது என்பார்கள். 1933இல் அவர் இறந்தார். தடுப்பூசி செய்யும் கூடத்தில் வேறு கிருமிக்கு இடமில்லை, குழந்தைக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் இன்று சட்டம். அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் லூபெக் குழந்தைகள் இருக்கிறார்கள். 'இத்தனை கெடுபிடி எதற்கு' என்று மருந்து அதிகாரிகளைப் பார்த்துக் கேட்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பாரிஸிலிருந்து 1931இல் கோபன்ஹேகன் போன கிருமிக் கால்வழிதான் நம் கதைக்கு முக்கியமானது. டேனிஷ் 1331 என்று பின்னால் பெயர் பெற்றது அதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பா காசநோயில் தவித்தபோது டென்மார்க் செஞ்சிலுவைச் சங்கமும் ஸ்கண்டிநேவிய நாடுகளும் யுனிசெஃபும் சேர்ந்து பெரும் இயக்கமாக இந்த ஊசியைக் கொண்டுபோயின. வாய்வழி மருந்து அதற்குள் தோலுக்குள் போடும் ஊசியாக மாறியிருந்தது.

1948இல் அது இந்தியா வந்தது. மதனப்பள்ளியில் முதல் ஊசிகள் போடப்பட்டன; அதே ஆண்டு சென்னை கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் தொடங்கியது. அன்றைய மருந்து திரவம். பனிக்கட்டியில் வைத்தாலும் சில நாட்கள்தான் உயிரோடு இருக்கும். கோபன்ஹேகனிலிருந்து கொண்டுவந்து கிராமத்துக்குச் சேர்ப்பது நடக்காத காரியம். ஆகவே அரசே உற்பத்தி செய்தது. லாபம் பார்க்கும் தொழிற்சாலையாக அல்ல, சுகாதாரத் துறையின் ஒரு அங்கமாகக் கிண்டி வளர்ந்தது. இந்தியாவின் தடுப்பூசித் திட்டத்துக்குப் பல பத்தாண்டுகள் பி.சி.ஜி. கொடுத்த இடம் அது.

எதிர்ப்பும் சென்னையிலிருந்தே கிளம்பியது. முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கிய மறு ஆண்டு, 1955இல், ராஜாஜி இந்த ஊசியை ஏன் எதிர்க்கிறேன் என்று தனி நூலே எழுதினார். பயன் உறுதியாகத் தெரியாத ஒன்றை நாடு முழுக்கப் பிள்ளைகளுக்குப் போடலாமா என்பது அவர் கேள்வி. ஊசி ஆபத்தானது என்ற அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. ஆதாரம் எங்கே என்று அரசைக் கேட்டது மட்டும் நியாயமான கேள்வி.

பதில் தேடிய இடம், திருவள்ளூரும் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். 1968இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், உலக சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையோடும் சேர்ந்து அங்கே ஒரு சோதனையைத் தொடங்கியது. மூன்றரை லட்சம் மக்கள் வாழ்ந்த பரப்பு. வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. மருந்தாக எடுத்தவை இரண்டு கால்வழிகள்: ஒன்று கோபன்ஹேகனுடையது, மற்றது பாரிஸ் பஸ்தர் நிறுவனத்துடையது. லில்லின் கிருமி இரண்டு பாதையாகப் பிரிந்து போய், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மறுபடி சந்தித்தது.

ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1979இல் வெளிவந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. பெரியவர்களுக்கு நுரையீரலில் வந்து மற்றவருக்குத் தொற்றும் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நன்றாக வேலை செய்த அதே மருந்து! 15 ஆண்டு கழித்துப் பார்த்த முடிவும் மாறவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமிக்கு உறவான வேறு கிருமிகளை அந்த மக்கள் ஏற்கெனவே சந்தித்திருந்ததால் ஊசியின் பலன் மறைந்துபோயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

முப்பது ஆண்டாகத் தான் நடத்திவந்த இயக்கத்துக்கு எதிரான முடிவை ஓர் அரசு மறைக்காமல் அச்சில் வெளியிட்டது. தமிழ்நாட்டுச் சுகாதார வரலாற்றில் நாம் பெருமைப்பட வேண்டிய நிகழ்ச்சிகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன். அந்த முடிவால் ஊசி செத்துப்போகவில்லை, அதற்கு உரிய இடம் தெளிவானது. கைக்குழந்தைக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும் உடம்பெங்கும் பரவும் காசநோயையும் அது நன்றாகத் தடுக்கிறது என்பதற்கு மற்ற நாடுகளில் ஆதாரம் இருந்தது. ஆகவே ஊசி போடும் வயது தொட்டிலுக்கு இறங்கியது. இந்தியாவிலும் இலங்கையிலும் பிள்ளை பிறந்ததும் பி.சி.ஜி. போடுவது இந்தப் பாதுகாப்புக்காகத்தான்.

கிண்டிக்கு 2008 ஜனவரியில் ஓர் அடி விழுந்தது. உற்பத்தி முறை இன்றைய தரத்துக்கு இல்லை என்று சொல்லி, கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்று அரசு ஆய்வுக்கூடங்களின் உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. குறை இருந்தது உண்மை. லூபெக்கைப் படித்தவர் யாரும் தரக் குறையைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டார். ஆனால் அந்தக் கூடங்கள் வேறு யாருடையவையும் அல்ல, அரசின் சொந்தக் கூடங்கள். பல ஆண்டுகள் பணம் போடாமல் விட்டதும் அரசு, தரம் இல்லை என்று மூடியதும் அரசு. குழந்தைகளுக்கான மருந்தைத் தனியாரிடம் வாங்க வேண்டிய நிலை வந்தது. வழக்கு, விசாரணைக் குழு எல்லாம் நடந்து 2010 பிப்ரவரியில் நிறுத்தம் நீங்கியது. கண்காணிப்பவர் கையில் பூட்டு மட்டும் இருந்தால் போதாது. பழுது பார்க்கும் பணமும் வேண்டும்.

பிறந்த நாட்டில் இந்த ஊசி என்ன ஆனது? 1950இல் பிரான்ஸ் அதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக்கியது. நோய் குறைந்த பிறகு, 2007 ஜூலையில், கட்டாயத்தை நிறுத்தியது. ஆபத்து அதிகம் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் போடும்படி பரிந்துரை செய்தது. அந்தப் பட்டியலில் பாரிஸும் அதன் சுற்று மாவட்டங்களும் சேர்ந்த இல்-து-பிரான்சில் வாழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காசநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் இரண்டு வகையிலும் வருகிறார்கள். நம்மவர் நிறைந்திருக்கும் லா கூர்நெவ், திரான்சி, பொந்தி ஆகிய ஊர்கள் உள்ள சேன்-சான்-துனி மாவட்டம் ஐரோப்பியப் பிரான்சில் காசநோய் மிகுந்த மாவட்டங்களில் ஒன்று.

2014இலிருந்து வேறொரு சிக்கல். பிரான்ஸ் தனக்கான பி.சி.ஜி.யை டென்மார்க்கின் ஒரே தொழிற்சாலையிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே உற்பத்தி தடைப்பட்டதும் இங்கே பிள்ளைகள் காத்திருந்தார்கள். 2016இல் போலந்திலிருந்து மருந்து இறக்கி, பே.எம்.இ. என்ற தாய்-சேய் நல நிலையங்களிலும் சில பொது நிலையங்களிலும் மட்டும் கிடைக்கும்படி செய்தார்கள். உருளைக்கிழங்குத் துண்டில் இதை 13 ஆண்டு காத்து வளர்த்த நாடு, தன் குழந்தைகளுக்கே அதைத் தேடி அலைந்தது. கட்டாயத்தை நீக்கும் அரசுக்கு மருந்து இருப்பை உறுதி செய்யும் கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

பிறகு டேனிஷ் மருந்து திரும்பவும் வந்தது. ஆகவே கிண்டி மருந்து போட்டுக்கொண்ட ஒரு தகப்பனின் தோளிலும் லாச்சப்பலில் வளரும் அவர் மகளின் தோளிலும் பட்டது ஒரே கால்வழி, டேனிஷ் 1331.

இனி, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் இளம் பெற்றோருக்கும் சில வார்த்தைகள். 2018இல் பிரான்சில் குழந்தைகளுக்குக் கட்டாயமான தடுப்பூசிகள் 11 ஆக உயர்ந்தன. கட்டாயத் தடுப்பூசிகள் இல்லாமல் கிரெஷ்ஷிலோ பள்ளியிலோ நிரந்தரமாகச் சேர்க்கமாட்டார்கள். அந்தக் கட்டாயப் பட்டியலில் பி.சி.ஜி. இல்லை. அதனால் ஒருவரும் நினைவூட்டாமலே அது விடுபட்டுப் போகலாம். ஊரில் ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிடும் முன்னரே போட்டுவிடுவார்கள் என்ற பழக்கத்தில், இங்கும் போட்டிருப்பார்கள் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். குழந்தையின் சுகாதார ஏடான கார்னே து சாந்தேயில் தடுப்பூசிப் பக்கத்தைத் திறந்து, பி.சி.ஜி. வரியில் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபின், இரண்டாம் மாதத்துக்குள் போடுவது நல்லது. தவறியிருந்தால் 15 வயது வரை போடலாம். 6 வயது தாண்டினால் முதலில் தோல் பரிசோதனை செய்வார்கள். ஊரிலிருந்து வந்த பிள்ளையானால் அங்குள்ள கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.

தோலுக்குள் மெல்லப் போட வேண்டிய ஊசி என்பதால் கை பழகியவரிடம் போவதே நல்லது. பே.எம்.இ. தாதிகளுக்கும் மருத்துவர்களுக்கும் அது அன்றாட வேலை. சில வாரத்தில் சிறு கட்டி எழும்பி, கொஞ்சம் சீழ் வைத்து, தானே ஆறும். மஞ்சளோ களிம்போ பூசக் கூடாது. அக்குளில் பெரிதாக நெறி கட்டினால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பே.எம்.இ. என்பது 1945ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அரசு நிலையம். ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அங்கே மருத்துவரைப் பார்ப்பதும் ஊசி போடுவதும் இலவசம். விசா இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். பிரெஞ்சு வராது என்று தயங்க வேண்டாம். கார்னேயை நீட்டி 'பே-சே-ஜே' என்று சொன்னாலே போதும்.